எட்டூரணிக்கு வந்து சேர்ந்த கோளாறுகள்

எட்டூரணியில் உட்கார்ந்துகொண்டே ஆஸ்திரேலியாவில் கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனியின் வரலாற்றை ஊரில் யாரைக் கேட்டாலும் நிறுத்தாமல் சொல்லுவார்கள். டீக்கடையில் கேட்டால் டீ ஆறும்வரைக்கும் சொல்லுவார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பஸ் வரும்வரைக்கும் சொல்லுவார்கள், ஆனால் அத்தனை பேரும் பூலோகபாண்டியின் பெயரை விட்டுவிட்டுத்தான் சொல்லுவார்கள் என்பதால் அதை முதலிலிருந்து ஒருமுறை சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் அது தீப்பெட்டி ஆபீஸாக இருந்தது. அது மூடி நாலு வருஷம் கிடந்த பிறகு, சிட்னியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய செல்வின் தங்கப்பழம் அதை வாங்கி, குச்சி அடுக்குகிற மேஜைகளைத் துடைத்து அதே மேஜைகளின் மேல் கம்ப்யூட்டர்களை வைத்து, குச்சி அடுக்கிய பெண்களின் மகள்களைக் கூப்பிட்டுக் காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்து வரிசையாக உட்காரவைத்தார். ஊர்க்காரர்கள் பெயருக்காக அதிகம் சிரமப்படாமல் அதைக் கம்ப்யூட்டர் ஆபீஸ் என்றார்கள். கட்டடத்தோடு சேர்ந்து வந்த பழைய சாமான்களில் ஒரு ஜெனரேட்டரும், அதை ஓட்டுகிற, வயர் வேலையும் பார்க்கிற பூலோகபாண்டியும் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். யார் எப்போது தன்னை என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பவர்.

செல்வின் தங்கப்பழம் கம்பெனிக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார். அந்தப் பக்கத்தில் இருப்பவர் தன் வாயால் 'சரியாகிவிட்டது' என்று சொல்லும்வரை எந்தப் புகாரையும் முடித்ததாக எழுதக் கூடாது. இது நல்ல சட்டம்தான், இதனால்தான் கம்பெனி வளர்ந்தது, இதனால்தான் எல்லாமும் வந்தது.

இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெர்த் நகரத்தில் ஒரு பல் டாக்டரின் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. பத்தொன்பது வயது இசக்கியம்மாள் பொறுமையாக இதை அழுத்துங்கள் அதை அழுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி அதை ஓடவைத்தாள். பல் டாக்டர் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று சொன்ன அதே நொடியில், எட்டூரணி பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிற செல்லத்துரை, ஒரு கையில் முறுக்கைத் தூக்கிப் பிடித்து, கூவத் திறந்த வாயை மூடாமல், அப்படியே அசையாமல் நின்றுவிட்டான். ஒரு பஸ் வந்து போனது, வாயோரத்தில் ஈ வந்து உட்கார்ந்து தன் வேலை முடிந்ததும் எழுந்து போனது, செல்லத்துரை இமைகூடக் கொட்டவில்லை. கடைசியில் யாரோ எரிச்சலில் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுக்க, அவன் தூங்கி எழுந்தவன்போலக் கண்ணைக் கசக்கி, "பல்லு வெளக்கணும்" என்று சொல்லிவிட்டு முறுக்குக் கூடையை அங்கேயே விட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் ஒரு வக்கீலின் பிரிண்டரில் காகிதம் சிக்கியதைச் சரிசெய்தார்கள், கரும்புச்சாறு பிழிகிற மிஷின் உள்ளே போன கரும்பை முன்னாலும் விடாமல் பின்னாலும் விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாக ஓடுவதைச் சரிசெய்தார்கள், கோவில்பட்டி போகிற டவுன் பஸ் நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் போனது. கடவுச்சொல் மறந்துபோன ஒரு அம்மாளுக்குப் புதுசு போட்டுக் கொடுத்தார்கள், ரிட்டயர்டு வி.ஏ.ஓ. அருணாசலம் வீட்டுக் கதவு சாவி போட்டும் திறக்கவில்லை, அவர் சின்ன வயதில் முதன்முதலாக வளர்த்த பிராணியின் பெயரைச் சொன்ன பிறகுதான் திறந்தது. அந்த நாய்க்கு அவர் தன் மச்சானின் பெயரை வைத்திருந்தார், மச்சான் அப்போது அடுத்த வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை.

இதெல்லாம் எதனால் என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. அங்கே போனது இங்கே வருகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டபின் வேலையைப் பார்த்தார்கள். நடு வாக்கியத்தில் நின்றுபோனவரை எங்கே தட்டவேண்டும், எத்தனை தட்டவேண்டும் என்று மூன்று மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. தட்டினால் எழுந்துவிடுவார், ஆனால் காலையிலிருந்து ஆரம்பிப்பார், கடைசியாகச் சொல்ல வந்தது அவருக்கு மறந்திருக்கும் என்பதும் பழகிவிட்டது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிற கோளாறு வந்தால் கிட்டே போகாமல் தள்ளி நிற்கவேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள், ஏனென்றால் டீ மாஸ்டர் ஒருமுறை ஒரே கிளாஸில் எழுபது டீ ஊற்றினார். வேலை சொன்னால் நின்றுபோகிற மருமகன்கள் பெருகினார்கள், கட்டெறும்பைப் பிடித்துக் காலில் விட்டு நிஜமாக நின்றவனையும் நடிக்கிறவனையும் பிரித்துப் பார்க்க மாமியார்கள் கற்றுக்கொண்டார்கள்.

பஞ்சாயத்து போய்ச் சத்தம் போட்டபிறகு கம்பெனி உள்ளூருக்கென்று தனியாக ஒரு மேஜை போட்டது. அதில் உட்கார்ந்த பெண்கள் தங்கள் சொந்தச் சித்தப்பாக்களிடமும் அத்தைமார்களிடமும் ஆஸ்திரேலியாக்காரனிடம் பேசுகிற அதே தேன் குரலில் பேசினார்கள்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், அத்தை. உங்கள் புகார் எண் நானூற்று ஆறு."

"அடி செருப்பால. அடுப்புல வச்ச உல ரெண்டு மணி நேரமா கொதிக்கல, இவ நம்பர் குடுக்கா. ஒங்கம்மாவக் கூப்புடுளா!"

"லைனிலேயே இருங்கள், அத்தை."

மூன்று வருஷம் இப்படிப் போனது. அப்போதுதான் பூலோகபாண்டி ஒருநாள் ஆபீஸ் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைக்கும்போது முதுகில் கிர்ரென்று ஒரு கூச்சம் ஏறியதை உணர்ந்தார். மெயினை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார், அப்போதும் கிர்ரென்றது. நேராக முதலாளி ரூமுக்குப் போனார்.

"மொதலாளி, இது லீக்கேஜு. வந்து சேருத கோளாறு போக வழியில்லாம செவுத்துல நிக்கி. செவுத்துலேர்ந்து ஊருக்குள்ள எறங்குது. அத மண்ணுக்குள்ள எறக்கிவிட ஒரு எர்த் குழி போட்டா முடிஞ்சிது."

செல்வின் தங்கப்பழம் சிரித்தார். சிட்னியில் வேலை பார்த்தவர், சிரிக்கத்தான் செய்வார். "சரி பாண்டி, எங்க தோணுதோ அங்க தோண்டிக்கோங்க" என்றார். அன்று பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.

எர்த் குழிக்கு ஈரமண் வேண்டும். எட்டூரணி கரிசல் பூமி, வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண். ஆபீஸ் மனையில் முன்பக்கம் மூன்று இடத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்தார், மூன்றிலும் புழுதிதான் கிளம்பியது. அவருக்குத் தெரிந்து ஊரிலேயே வருஷம் முழுக்க ஈரமாக இருக்கிற இடம் ஒன்றுதான், அது அவர் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவுகிற அங்கணத் தண்ணீர் போய் விழுகிற முருங்கை மரத்தடி. யாரையும் கேட்கவில்லை. அங்கே ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, செம்புத் தகட்டை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, ஆபீஸ் சுவரிலிருந்து மூன்று தெரு தாண்டிக் கம்பி இழுத்து, நட்டு போட்டு முறுக்கினார். பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி முப்பிடாதி விரலை நீட்டி, "அந்தக் குழிய..." என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்தபடியே அசையாமல் நின்றுவிட்டாள். பூலோகபாண்டிக்குச் சந்தோஷம். கோளாறு சரியாக வந்து சேர்ந்துவிட்டது.

அன்றோடு ஊர் நன்றாகிவிட்டது. பஸ் ஓடியது, கதவுகள் திறந்தன, செல்லத்துரை கூவ ஆரம்பித்ததைக் கூவி முடித்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தனையும் கம்பி வழியாகப் பூலோகபாண்டி வீட்டில் இறங்கியது. அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சுற்றியது, அவர் வீட்டுச் சேவல் கூவுவதற்குப் பதிலாகக் காகிதம் கசங்குகிற சத்தம் போட்டது, செல்போன் பேச்சு நடுவில் உறைந்தது, சட்டை மாட்டினால் மூன்று நிமிஷம் கழித்துத்தான் உடம்புக்கு வந்தது. முப்பிடாதி வாரத்தில் நாலு நாள் கொல்லையைப் பார்த்து "அந்தக் குழிய..." என்று நின்றாள். அவர் தட்டுவார், அவள் "காப்பி குடிச்சாச்சா?" என்று காலையிலிருந்து தொடங்குவாள். சொல்ல வந்தது மறந்திருக்கும். அவருக்கு அது என்னவென்று தெரியும். 'அந்தக் குழியிலயே ஒங்களயும் போட்டு மூடணும்' என்பதைத் தவிர அவள் வேறென்ன சொல்லிவிடப் போகிறாள் என்று அதையும் தேதி போட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

முதல் மாதம் ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், பழம் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் வாசலோடு நின்றார்கள். ஒரு வருஷத்தில் அது பாண்டி வீட்டுச் சீக்கு என்று பெயர் வாங்கி, தபால்காரர் கடிதத்தைச் சுவருக்கு வெளியிலிருந்து வீசிவிட்டுப் போனார். குழி எதற்காக வந்தது என்பதே மறந்துபோய், "எங்கிட்டோ போயி எதையோ தோண்டி சீக்கு வாங்கிட்டு வந்துருக்காரு" என்று இளவட்டங்கள் பேசினார்கள்.

அவர் ஒருமுறை கம்பெனியிடம் போய்ச் சொன்னார். உங்கள் கம்பெனிக்கு வருகிற கோளாறெல்லாம் என் வீட்டில் இருக்கிறது, பணம் வேண்டாம், பாண்டிதான் இதைச் செய்தான் என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினால் போதும் என்றார். "புகார் குடுங்க பாண்டி, முறைப்படி பாத்துருவோம்" என்றார் செல்வின் தங்கப்பழம். புகார் கொடுத்தார். எண் ஆறாயிரத்துப் பதினொன்று. எட்டு நாள் கழித்துப் போய்க் கேட்டால், 'வாடிக்கையாளர் தொலைபேசியில் கிடைக்கவில்லை, புகார் முடிக்கப்பட்டது' என்றிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னப் பையன் சரியாகிவிட்டது என்று சொல்கிறவரை ஒன்பது மணி நேரம் காத்திருந்த கம்பெனி, இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்காமல் இவருடைய புகாரை முடித்துவிட்டது. போன் கிடைக்காததே கோளாறினால்தான் என்று சொல்லிப் பார்த்தார். "அதுக்குத் தனிப் புகார் குடுக்கணும் பெரியப்பா" என்றாள் மேஜையில் இருந்த பெண்.

இப்படியே பதினேழு வருஷம். கம்பெனியில் முந்நூறு பேர் ஆனார்கள், தகரக் கொட்டகை கண்ணாடிக் கட்டடமானது, இசக்கியம்மாள் மேனேஜர் ஆனாள், இருபதாம் ஆண்டு விழா வந்தது. விழாவுக்கு மலர் போடுகிறார்கள், கம்பெனியின் வரலாற்றை எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பூலோகபாண்டி ஒரு மாதம் ஒருவரிடமும் சண்டை போடவில்லை. வரலாறு என்றால் மூன்றாம் வருஷத்தைத் தாண்டித்தானே நாலாம் வருஷத்துக்குப் போகவேண்டும், தாண்டும்போது அவர் பெயரை மிதிக்காமல் எப்படிப் போவார்கள்?

விழா அன்று பிற்பகலில் வாசலிலேயே மலர் கொடுத்தார்கள். அவர் ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் பத்துப் பக்கமும் முதலாளி சிரிக்கிற படங்கள். பதினோராம் பக்கத்தில் இருந்தது: 'முதல் மூன்று ஆண்டுகளில் ஏற்பட்ட சில உள்ளூர் அசௌகரியங்கள் காலப்போக்கில் தாமாகவே நீங்கின.'

அசௌகரியங்கள் என்ற சொல்லைக் கூட்டவே அவருக்கு நேரம் பிடித்தது. தாமாகவே என்பது உடனே புரிந்தது.

மேடைக்குப் பின்னால் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளிடம் போனார்.

"ஏம்மா இசக்கி. தாமாகவேன்னா என்ன அர்த்தம்?"

அவள் பக்கத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒங்க பேரப் போட்டுத்தான் எழுதுனேன், பெரியப்பா. சத்தியமா. மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆள வச்சுத் திருத்துனாக. உப்பு, கரி, முருங்கமரம்லாம் வரலாறான்னு கேட்டு எடுத்துட்டாரு."

"ஒரு வரி."

"அடுத்த மலர்ல போட்ருவோம், பெரியப்பா."

"அடுத்த மலர் எப்ப?"

"இருபத்தஞ்சாம் வருஷம்."

"எனக்கு அறுபத்தி மூணு நடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் ஜெனரேட்டர் அறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்று தெருவையும் நடந்து வீட்டுக்கு வந்தார். பின்னால், விழாவுக்காகத் தெருவெல்லாம் கட்டியிருந்த ரேடியோக் குழாயில் செல்வின் தங்கப்பழம் பேச ஆரம்பித்திருந்தார்.

கொல்லைவாசலில் முப்பிடாதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஸ்பேனரோடு குழியைப் பார்த்துப் போகிறவரைக் கண்டதும் விரலை நீட்டி, "அந்தக் குழிய..." என்று நின்றுபோனாள். "நில்லு, நில்லு, இன்னைக்கி நல்லா நில்லு" என்று முணுமுணுத்தபடி அவர் குனிந்து, பதினேழு வருஷத் துருவைக் கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லித் தளர்த்தி, நட்டைக் கழற்றிக் கம்பியை உருவிக் கையில் எடுத்தார்.

ரேடியோக் குழாயில் "இந்தக் கம்பெனி இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குன்னா அதுக்கு ஒரே காரணம்..." என்று சொல்லிக்கொண்டிருந்த செல்வின் தங்கப்பழத்தின் குரல் நின்றது.

முதுகுக்குப் பின்னால் முப்பிடாதியின் குரல் தொடர்ந்தது. யாரும் தட்டவில்லை, அவள் காலையிலிருந்து தொடங்கவில்லை.

"...இங்கயா தோண்டுவாக? குச்சிக்கு மருந்து முக்குத ரூமுக்குப் பின்னாடி, நாங்க கை கழுவுத தொட்டிகிட்டல்லா தோண்டியிருக்கணும்."

பூலோகபாண்டி திரும்பினார். "என்ன தொட்டி?"

"என்ன தொட்டியா? பதினோரு வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனேன்லா. எறநூறு பொம்பளைக கைகழுவுன தண்ணி அம்புட்டும் அங்கதான் போவும். தொட்டி போயிட்டு, இப்ப அவுக கக்கூஸ் தண்ணி போவுது. அந்த மண்ணு என்னைக்குக் காஞ்சிது? நீங்க முன்பக்கமா மூணு குத்து குத்திப் பாத்துட்டு, ஊரக் காப்பாத்துதேன்னு வீட்டுக்கு இழுத்துட்டு வந்தீக. ஒரு வார்த்த கேட்டீகளா?"

"நீ சொல்லியிருக்கலாம்லா!"

"சொல்ல விட்டீகளா?" என்ற முப்பிடாதி, அப்போதுதான் தன் கையையும் விரலையும் கடிகாரத்தையும் பார்த்தாள். கடிகாரம் நாலே காலைக் காட்டியது, நிஜமாகவே மணி நாலே கால். சேவல் கூரைமேல் ஏறிச் சேவலைப்போலவே கூவியது. அவர் திறந்த வாயோடு, கோளாறு எதுவும் இல்லாமலேயே நின்றுபோனார்.

அதற்குள் ஊர் ஆரம்பித்துவிட்டது. பதினேழு வருஷத்துக் கோளாறுகளும் கம்பியில் வழி இல்லாமல் சுவரேறி இறங்கிக்கொண்டிருந்தன. தெருவில் யாரோ தன் வீட்டுக் கதவிடம் தன் முதல் வாத்தியார் பெயரைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ரேடியோக் குழாயில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது, முதலாளியின் தோளில் பளார் பளார் என்று தட்டுகிற சத்தம் கேட்டது, முதலாளி "குட்மார்னிங், பேஸ்ட் எங்க?" என்று கேட்பது கேட்டது, அதற்கு மேல் இசக்கியம்மாளின் குரல், மேனேஜர் குரல் இல்லை, தெருவில் விளையாடிய காலத்துக் குரல்:

"பூலோகபாண்டி பெரியப்பா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

ஒரு மூச்சு இடைவெளி. அதே குரல், அதே ஏற்றம், அதே இறக்கம்:

"பூலோகபாண்டி பெரியப்பா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

மூன்றாவது தடவை கேட்டதும் இருவருக்கும் புரிந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்கிற கோளாறு இசக்கியைப் பிடித்துவிட்டது. கிட்டே போகக் கூடாது என்று தெரிந்ததால் ஒருவரும் கிட்டே போகமாட்டார்கள்.

"கம்பிய மாட்டுங்க, பாவம் அந்தப் புள்ள" என்றாள் முப்பிடாதி. பிறகு அவளே, "இங்க மாட்டுனீக, கம்பியாலயே அடிப்பேன். கடப்பாரைய எடுங்க" என்றாள்.

வீட்டில் மிச்சமாகக் கிடந்த இன்னொரு செம்புத் தகட்டையும் கடப்பாரையையும் அவர் தூக்கிக்கொள்ள, உப்பையும் கரியையும் அவள் தூக்கிக்கொள்ள, இரண்டு பேரும் நின்றவர்களைச் சுற்றிக்கொண்டும் சுற்றுகிறவர்களுக்கு வழிவிட்டும் ஊர் நடுவில் நடந்தார்கள். லட்டு கொடுக்கிற ஆள் ஒரே கிழவரின் கையில் லட்டுக்குமேல் லட்டாக வைத்துக்கொண்டிருந்தான், கிழவர் நின்றுபோனவர்போலவே நின்றார், அவர் நடிக்கிறார் என்று முப்பிடாதி சொன்னாள். விழாவுக்கு வந்த கலெக்டர் ஆபீஸ்காரர்கள் மெதுவாக, மிக மெதுவாக, ஓடிக்கொண்டிருந்தார்கள். தட்டத் தெரிந்த கிழவிகள் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள், கை மறக்கவில்லை. "ஏ, பாண்டி வந்துட்டாரு!" என்று எழுந்தவர்கள் கத்தினார்கள். "அண்ணாச்சி, சீக்கிரம்! அண்ணாச்சி!" பதினேழு வருஷம் அவர் வீட்டுச் சுவரோரம் நடக்காமல் எதிர்ப்பக்கம் நடந்தவர்கள்.

கண்ணாடிக் கட்டடத்தின் பின்னால், முப்பிடாதி காலால் தட்டிக் காட்டிய இடத்தில், கடப்பாரை முதல் குத்திலேயே வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கறுப்பான, குளிர்ந்த, நாறுகிற ஈரம். அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தபோது அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அது அவருக்குப் புதுசாக இருந்தது.

அந்த மண்ணில் ஆறடி தோண்ட அவருக்கு ஒரு மணி நேரமே அதிகம். தலைக்கு நேர்மேலே மரத்தில் ஒரு ரேடியோக் குழாய் கட்டியிருந்தது.

"பூலோகபாண்டி பெரியப்பா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

அவர் ஒரு சட்டி மண்ணை எடுத்து வெளியே போட்டார். கடப்பாரையைச் சாத்தி வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, துண்டை உதறி, மடித்து, தோளில் போட்டார்.

"பூலோகபாண்டி பெரியப்பா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!"

"ஏங்க" என்றாள் கரையில் உட்கார்ந்திருந்த முப்பிடாதி, "இம்புட்டு மெதுவாவா தோண்டுவாக?"

"ஈரமண்ணுளா" என்றார் அவர். "வழுக்குது."

அவள் ரேடியோக் குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உப்பு மூட்டையின் முடிச்சை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஆறடியைத் தாண்டி ஒரு அடி ஆனது. பூலோகபாண்டி அண்ணாந்து பார்த்து, குழியின் ஆழத்தை ஒரு தடவை கண்ணால் அளந்து, இன்னும் ஒரு அடி போகவேண்டும் என்றார்.